விடை எப்படித் தவறியிருக்கிறது? வேதியியல் கணக்குகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிளஸ் ஒன் வேதியியல் நோட்டுகளைத் தொடர்ந்து திருத்துகிற எவருக்கும் ஒன்று விரைவிலேயே புலப்பட்டுவிடும்: கணக்கு தவறுவதற்கு ஆயிரம் வழிகள் இல்லை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில தவறுகளே ஆண்டுதோறும் வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பி வருகின்றன. விடை பொருந்தாதபோது மாணவர் செய்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். முழுவதையும் அடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். எந்த வரியில் சறுக்கினாரோ அதே வரியில் மறுபடியும் சறுக்குகிறார், ஏனெனில் அந்த வரி அவர் கண்ணுக்குச் சரியாகவே தெரிகிறது.

அடிப்பதற்கு முன் அந்தத் தவறான விடையையே ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். விடைக்குறிப்பு கையில் இருந்தால், பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். வருகிற ஈவு 2 ஆகவோ, 1000 ஆகவோ, 1.4 ஆகவோ இருந்தால் பிழை நேர்ந்த இடத்தை ஏறக்குறைய அதுவே சொல்லிவிடும். தேர்வறையில் விடைக்குறிப்பு இருக்காது. அங்கே விளைபொருளின் நிறை எடுத்துக்கொண்ட நிறையைத் தாண்டுகிறதா, அமிலத்தின் பிஎச் 7-ஐத் தாண்டுகிறதா, எலக்ட்ரான் எண்ணிக்கை இடிக்கிறதா என்று பார்ப்பதே வழி. ஒவ்வோர் அறிகுறிக்கும் உரிய காரணங்களை, அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடக் கூடியதில் தொடங்கி, பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டியது வரை, அந்த வரிசையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். கோட்பாட்டு விளக்கம் பாடநூலில் இருப்பதால் இங்கே அதற்கு இடமில்லை.

## அறிகுறி 1: சமன்பாடு சமன் ஆக மறுக்கிறது

### ஒரே ஒரு தனிமம் மட்டும் ஒற்றைப்படை எண்ணில் சிக்கி நிற்கிறது

முதலில் வாய்பாடுகளைக் கேள்வித்தாளோடு ஒப்பிடுங்கள். அடுத்து, தனித்து நிற்கும் வாயுத் தனிமங்களைப் பாருங்கள்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின் ஆகியவையும், அவற்றோடு புரோமினும் அயோடினும், தனியே எழுதப்படும்போது ஈரணு மூலக்கூறுகளாகவே எழுதப்பட வேண்டும். ஆக்சிஜனை ஓரணுவாக எழுதிவிட்டால் சமன்பாடு பெரும்பாலும் எளிதாகச் சமன் ஆகிவிடும் என்பதே இந்தப் பிழையின் ஆபத்து. எளிதாக முடிந்துவிட்டதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டும் சரியாக இருந்தால் வரிசையைக் கவனிக்க வேண்டும். சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. ஆக்சிஜனில் தொடங்கினால் கணக்கு முடிவில்லாமல் நீளும், ஏனெனில் ஆக்சிஜன் வலப்புறத்தில் இரண்டு பொருள்களில் இருக்கிறது. கார்பனை முதலில் சரிசெய்தால் 4 கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜனை அடுத்துச் சரிசெய்தால் 5 நீர். வலப்புறத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 13. இடப்புறத்தில் ஈரணு மூலக்கூறாக 13 அணுக்கள் வேண்டுமானால் ஆறரை மூலக்கூறுகள் என்று தயங்காமல் எழுதிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடலாம்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

பின்னம் வந்தவுடனே தவறு செய்துவிட்டோம் என்று அஞ்சி அழிப்பவர்களே இங்கே அதிகம் தோற்கிறார்கள்.

### சமன் ஆகிவிட்டது. ஆனால் பொருளே மாறிவிட்டது

பொருளுக்கு முன்னால் இடும் குணகத்தைத்தான் மாற்றலாம். வாய்பாட்டுக்குள் கீழே சிறிதாக எழுதப்படும் எண்ணைத் தொடக்கூடாது. நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறது என்பதற்காக உள்ளே ஒரு 2-ஐச் சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. சரிபார்க்கும் வழி எளிது: சமன் செய்த வரியில் குணகங்களை மட்டும் விரலால் மறைத்துவிட்டு, சமன் செய்வதற்கு முன் எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

### அணுக்கள் எல்லாம் சரி. மதிப்பெண் மட்டும் இல்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, வினையே நிகழாது: தாமிரத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஹைட்ரஜன் வெளிவருவதாக எழுதினால் அணுக்கள் அழகாகச் சமன் ஆகும், ஆனால் வினைத்திறன் வரிசையில் தாமிரம் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பதால் குடுவையில் ஒன்றும் நடக்காது. இரண்டாவது, மின்சுமை சமன் ஆகவில்லை: ஒரு தாமிர அணுவும் ஒரு வெள்ளி அயனியும் சேர்ந்து ஒரு தாமிர அயனியையும் ஒரு வெள்ளி அணுவையும் தருவதாக எழுதினால் அணுக்கள் சரி, ஆனால் இடப்புறத்தில் மின்சுமை +1, வலப்புறத்தில் +2. வெள்ளி இருபுறமும் இரண்டாக வேண்டும். அயனிச் சமன்பாடு எதுவாக இருந்தாலும், அணுக்களை எண்ணி முடித்ததும் மின்சுமைகளைக் கூட்டிக் கீழே ஒரு வரி எழுதும் பழக்கம் இந்தப் பிழையை முற்றிலும் தடுத்துவிடும்.

மூன்றாவதுதான் வில்லங்கமானது. அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட் அயனியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிவதைச் சமன் செய்யும்போது, 2 பெர்மாங்கனேட்டும் 6 ஹைட்ரஜன் அயனியும் 5 பெராக்சைடும் சேர்ந்து 2 மாங்கனீசு அயனி, 5 ஆக்சிஜன், 8 நீர் தருவது சரியான விடை. ஆனால் பெராக்சைடை 7 என்று போட்டு, ஆக்சிஜனை 6 என்றும் நீரை 10 என்றும் மாற்றினாலும் அணுக்களும் சரியாக வரும், மின்சுமையும் இருபுறமும் +4 என்று சரியாக வரும். பெராக்சைடு 3, ஆக்சிஜன் 4, நீர் 6 என்றாலும் அப்படியே. எண்ணிப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. எலக்ட்ரான் கணக்கு மட்டுமே பிரித்துக் காட்டும். இரண்டு பெர்மாங்கனேட் அயனிகள் 10 எலக்ட்ரான்களை ஏற்கின்றன, ஒரு பெராக்சைடு 2 எலக்ட்ரான்களை இழக்கிறது. ஆகவே பெராக்சைடு 5 மட்டுமே.

### எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

ஒரே பொருள் இரண்டு வேலைகளைச் செய்யும் சமன்பாடு வந்து, கால் மணி நேரத்தில் முடியவில்லை என்றால் முயற்சியை நிறுத்திவிடலாம். தாமிரமும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 3 தாமிரத்துக்கு 8 நைட்ரிக் அமிலம் வேண்டும், அந்த எட்டில் 2 மட்டுமே ஒடுக்கமடைந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது, மீதி 6 தாமிர நைட்ரேட்டில் நைட்ரேட்டாகவே தங்கிவிடுகிறது. ஆக்சிஜனேற்ற எண் முறையோ அரை வினை முறையோ தெரியாமல் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்ப்பவர்களை இந்தச் சமன்பாடு ஒரு மாலை முழுவதும் அலைக்கழிக்கும்.

## அறிகுறி 2: நிறைக் கணக்கின் விடை குறிப்போடு பொருந்தவில்லை

இங்கேதான் ஈவு பார்க்கும் முறை முழுப் பயன் தருகிறது.

### ஈவு 2, 1.5, 3 போன்ற எளிய எண்

மோல் விகிதத்தை விட்டுவிட்டீர்கள். 16 கிராம் மீத்தேன் எரிந்தால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும் என்ற கேள்விக்கு 18 என்று விடை வந்திருந்தால், ஒரு மோல் மீத்தேனுக்கு இரண்டு மோல் நீர் என்பது சமன்பாட்டில் எழுதப்பட்டும் கணக்கில் இறங்கவில்லை, விடை 36. பொட்டாசியம் குளோரேட் 122.5 கிராம் சிதைந்தால் ஆக்சிஜன் 32 கிராம் என்று வந்தால், சரியான 48-ஐ அதனால் வகுக்க 1.5 கிடைக்கும், சமன்பாட்டில் 2-க்கு 3 என்று இருக்கும் விகிதம் அப்படியே வெளியே தெரிகிறது.

விகிதம் போட்டும் ஈவு 2 என்றால், ஈரணு வாயுவின் மோலார் நிறையைப் பாருங்கள். ஆக்சிஜனுக்கு 32-க்குப் பதில் 16, நைட்ரஜனுக்கு 28-க்குப் பதில் 14 என்று எடுத்திருப்பீர்கள்.

### ஈவு 1000

மில்லிலிட்டரை லிட்டராக மாற்றவில்லை, அல்லது இரண்டு முறை மாற்றிவிட்டீர்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதினால் இது வராது.

### ஈவு 1.4, 1.56, 1.3 போன்ற ஒழுங்கற்ற எண்

மோலார் நிறை தவறு. அடைப்புக்குறியை முதலில் பாருங்கள்: கால்சியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 74; 57 என்று வந்தால் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2 எதையும் பெருக்கவில்லை, 58 என்று வந்தால் ஹைட்ரஜனை மட்டும் பெருக்கியிருக்கிறது. 74-ஐ 57-ஆல் வகுத்தால் 1.3.

அடுத்து, படிக நீர். ஆய்வகத்தில் இருக்கும் ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. மோலார் நிறை 126, நீரை விட்டால் 90. இரண்டுக்கும் உள்ள ஈவு 1.4. நீல நிறத் தாமிர சல்பேட்டுக்கு 249.5, நீரற்றதற்கு 159.5, ஈவு 1.56. 250 மி.லி. அளவில் 0.1 மோலார் ஆக்சாலிக் அமிலம் தயாரிக்க 3.15 கிராம் எடை போட வேண்டும், 2.25 கிராம் போட்டவர் கணக்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கவில்லை. 1.575 கிராம் என்று வந்திருந்தால் அது வேறு கதை: மோலாரிட்டி கேட்ட இடத்தில் சமான நிறையான 63-ஐப் போட்டு நார்மாலிட்டிக் கணக்கைச் செய்திருக்கிறீர்கள்.

### விளைபொருளின் நிறை, எடுத்துக்கொண்டதைவிட அதிகம்

விடைக்குறிப்பு இல்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய பிழை இது என்பதால் தேர்வில் இதைத் தவறவிடக் கூடாது. 28 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் ஹைட்ரஜனும் தரப்பட்டு, கிடைக்கும் அம்மோனியா எவ்வளவு என்று கேட்கப்படுகிறது. நைட்ரஜனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 34 கிராம் வரும். எடுத்துக்கொண்டதே மொத்தம் 33 கிராம்தான். அந்த ஒரு கிராம் எங்கிருந்தும் வரமுடியாது.

இரண்டு வினைபடுபொருள்களின் அளவும் கேள்வியில் கொடுக்கப்பட்டிருந்தால், எது முதலில் தீரும் என்று பார்க்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக்கூடாது. ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன், அதாவது 6 கிராம் தேவை. கையில் இருப்பதோ 2.5 மோல். ஆகவே ஹைட்ரஜனே வினையைக் கட்டுப்படுத்துகிறது, அம்மோனியா 28.3 கிராம் கிடைக்கும், நைட்ரஜன் 4.7 கிராம் மிஞ்சும். இரண்டையும் கூட்டினால் மீண்டும் 33. இந்தக் கூட்டலை விடைத்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்க்க ஐந்து வினாடி போதும்.

நிறை குறைவான பொருளே முதலில் தீரும் என்று எண்ணி விடுபவர்களும் உண்டு. இந்தக் கணக்கில் அது தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுகிறது. அதே 28 கிராம் நைட்ரஜனோடு 7 கிராம் ஹைட்ரஜனைக் கொடுத்தால் அந்த எண்ணம் கவிழ்ந்துவிடும். மோலாக்கி, குணகத்தால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

### கன அளவு நம்ப முடியாத அளவுக்குப் பெரியது

22.4-ஐத் திரவத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இரண்டு மோல் நீர் 44.8 லிட்டர் என்று விடை எழுதப்படுவது அரிதன்று. இரண்டு தண்ணீர் கேன் கொள்ளாத அளவு அது. உண்மையில் இரண்டு மோல் நீர் 36 கிராம், அதாவது ஏறக்குறைய 36 மி.லி. மட்டுமே. வாயுவாகவே இருந்தாலும் 22.4 என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு உரியது. கேள்வியில் 25 டிகிரி என்று இருந்தால் அதே அழுத்தத்தில் 24.5 லிட்டர் வரும். அழுத்தம் 1 பார், வெப்பநிலை 0 டிகிரி என்று இருந்தால் 22.7. விடை ஒன்று முதல் பத்து சதவீதம் வரை விலகியிருந்தால் இந்த வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி 3: பிஎச் மதிப்பு பொருந்தவில்லை

பிஎச் மடக்கை அளவு என்பதால் இங்கே வகுக்கக் கூடாது, கழிக்க வேண்டும். வித்தியாசம் 0.30 என்றால் எங்கோ ஒரு 2 விடுபட்டிருக்கிறது, 0.48 என்றால் ஒரு 3. துல்லியமாக 1 என்றால் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்திருக்கிறது. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பிஎச் கணக்குகளில் பாதிப் பிழைகளை மறுபடி கணக்கிடாமலே பிடித்துவிடலாம்.

### வித்தியாசம் 0.30

0.01 மோலார் கால்சியம் ஹைட்ராக்சைடுக் கரைசலின் பிஎச் 12.0 என்று வந்திருந்தால், ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவதை விட்டுவிட்டீர்கள், விடை 12.3. இரண்டு கரைசல்களைக் கலக்கும் கணக்கில் 0.30 வந்தால், மொத்தக் கன அளவை மறந்திருப்பீர்கள். 50 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு 50 மி.லி. 0.06 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் மிஞ்சும் அமிலம் 2 மில்லிமோல். அது இருப்பது 100 மி.லி.யில், பிஎச் 1.70. 50-ஆல் வகுத்தவருக்கு 1.40 கிடைக்கும்.

### காரத்தின் பிஎச் 7-க்குக் கீழே

ஹைட்ராக்சைடு அயனிச் செறிவின் மடக்கையை எடுத்து அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 2 என்று வந்தால் அது பிஓஎச். 14-லிருந்து கழிக்க 12.

### அமிலத்தின் பிஎச் 7-க்கு மேலே

கேள்வியில் செறிவு மிகமிகக் குறைவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பத்தின் அடுக்கு மைனஸ் 8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சூத்திரம் 8 என்று விடை தரும். அமிலத்தை எத்தனை முறை நீர்த்தாலும் அது காரமாகாது. நீரே தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 6.98 வரும். தேர்வுகளில் விரும்பிக் கேட்கப்படும் பொறி இது.

### பிஎச் எதிர்க்குறியில் வருகிறது

செறிவு 1 மோலாருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிழையன்று. பிஎச் 0-விலிருந்து 14-க்குள்தான் இருக்க வேண்டும் என்ற வாசகத்தை மனப்பாடம் செய்தவர்கள் சரியான விடையையே அடித்துவிடுவதைப் பார்க்கலாம்.

### இரண்டு பிஎச்-களின் சராசரி

பிஎச் 2, பிஎச் 4 என இரு வன்னமிலக் (நீரில் முழுமையாகப் பிரியும் அமிலம்) கரைசல்களைச் சம அளவில் கலந்தால் 3 வராது, 2.30 வரும். சராசரி எடுக்க வேண்டியது செறிவுகளுக்குத்தான்.

### வித்தியாசம் ஒன்றரைக்கு மேல்

இப்போது எண்களை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு 1 என்று எழுதியிருந்தால் அதை வன்னமிலமாகக் கருதிவிட்டீர்கள். பிரிகை மாறிலி பத்தின் அடுக்கு மைனஸ் 5-இன் 1.8 மடங்கு என்பதைப் பயன்படுத்தினால் 2.87. உப்புக் கரைசலின் பிஎச் எப்போதும் 7 என்று எழுதியிருந்தால் அதுவும் இவ்வகைதான்: சோடியம் கார்பனேட் காரத்தன்மை காட்டும், அம்மோனியம் குளோரைடு அமிலத்தன்மை காட்டும்.

### எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

மெல்லமிலத்தோடு அதைப் பாதி நடுநிலையாக்கும் அளவு காரம் சேர்க்கப்படும் கணக்குகளில், மிஞ்சிய அமிலத்தை மட்டும் எடுத்துப் பிஎச் காண முயன்றால் எந்தச் சரிபார்ப்பும் உதவாது. 50 மி.லி. 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் 25 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் விடை 4.74, உங்களுக்கு 1.48 வந்திருந்தால் தாங்கல் கரைசல் பாடத்தை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். கந்தக அமிலத்திலும் ஒரு சந்தேகம் கேட்டே தெளிய வேண்டியது: 0.1 மோலார் கரைசலில் இரண்டு ஹைட்ரஜனும் முழுமையாகப் பிரிவதாகக் கொண்டால் 0.70, இரண்டாவது பகுதியளவே பிரிகிறது என்ற உண்மையைக் கொண்டால் ஏறக்குறைய 0.96. எந்தக் கருதுகோளை எடுப்பது என்பதை உங்கள் பாடத்திட்டம்தான் முடிவு செய்யும்.

## அறிகுறி 4: தரம்பார்த்தலில் செறிவு தவறி வருகிறது

காகிதத்தில் செய்யும் கணக்கில் ஈவு 2 என்றால், ஒன்றுக்கு ஒன்று வினைபுரியாத பொருள்களுக்கு மோலாரிட்டிகளை நேரடியாகப் பெருக்கிச் சமன் செய்துவிட்டீர்கள். 25 மி.லி. 0.1 மோலார் கந்தக அமிலத்துக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. தேவை. ஈவு 2.5 என்றால் அது ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும். விகிதம் 5-க்கு 2. ஈவு 5 என்றால் இரும்பு உப்பும் பெர்மாங்கனேட்டும்.

ஆய்வகத்தில் கிடைத்த அளவீடே தவறாக இருந்தால் காரணங்கள் வேறு. சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும்போது அளவீடு சரியாகப் பாதியில் நின்றால், மெத்தில் ஆரஞ்சுக்குப் பதில் ஃபீனால்ப்தலீனைச் சேர்த்திருக்கிறீர்கள். அது கார்பனேட் பைகார்பனேட்டாகும் நிலையிலேயே நிறமிழந்துவிடும். ஃபீனால்ப்தலீனின் இளஞ்சிவப்பு தோன்றிச் சற்று நேரத்தில் மறைந்தால் பதற வேண்டியதில்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் அப்படி ஆகும், குலுக்கிய பிறகு அரை நிமிடம் நிறம் நின்றால் போதும்.

அளவீடு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தால், பியூரெட்டை நீரால் கழுவிவிட்டு அதில் ஊற்றப் போகும் கரைசலால் ஒருமுறை அலசாமல் விட்டீர்களா, பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி இருந்து நடுவில் வெளியேறியதா, கூம்புக் குடுவையை நீரால் மட்டும் கழுவாமல் கரைசலாலும் அலசினீர்களா என்று இந்த வரிசையில் பாருங்கள். குறைவாக இருந்தால், பிப்பெட்டை நீரோடு விட்டிருக்கலாம், அல்லது பியூரெட்டின் மேல் வைத்த புனலை எடுக்க மறந்து அதிலிருந்து சொட்டியிருக்கலாம். கூம்புக் குடுவையில் மிஞ்சியிருக்கும் வாலைவடிநீர் எதையும் கெடுக்காது. அதைத் துடைத்து உலர்த்த நேரம் செலவிட வேண்டாம்.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் இளஞ்சிவப்புக்குப் பதில் பழுப்பு நிறம் தோன்றினால் கணக்கிடாமல் கொட்டிவிடுங்கள்: கந்தக அமிலம் போதாமல் மாங்கனீசு டைஆக்சைடு உருவாகிவிட்டது. ஆக்சாலிக் அமிலத்தோடு செய்யும்போது 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்காவிட்டால், நிறம் மறையத் தாமதமாகி, முடிவுநிலை வந்துவிட்டது என்று ஏமாந்துபோவீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவரவில்லை என்றால் ஆய்வக ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். பியூரெட்டின் திருகு ஒழுகுவதையும் பழைய கரைசலின் செறிவு மாறிவிட்டதையும் மாணவரால் தானே சரிசெய்ய முடியாது. அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால் அளவீட்டை மறந்துவிட்டு, ஓடும் நீரில் தொடர்ந்து கழுவியபடியே அவரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி 5: பிணைப்புப் படம் முடியவில்லை

### எலக்ட்ரான்கள் கூடுகின்றன அல்லது குறைகின்றன

படத்தைத் திருத்தாதீர்கள், வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கையைத் திருத்துங்கள். சரியாக 2 கூடினால் அல்லது குறைந்தால், ஒற்றை மின்சுமையுள்ள அயனியில் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்: எதிர்மின் அயனிக்குக் கூட்ட வேண்டும், நேர்மின் அயனிக்குக் கழிக்க வேண்டும். அம்மோனியம் அயனிக்கு 8, நைட்ரேட்டுக்கு 24, கார்பனேட்டுக்கு 24, சல்பேட்டுக்கு 32. அம்மோனியத்துக்கு 10 என்று எடுத்தவர், எஞ்சிய இரண்டு எலக்ட்ரான்களை வைக்க இடமில்லாமல் தவிப்பார்.

### மைய அணுவுக்கு எட்டு வரவில்லை

நைட்ரேட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று பிணைப்புகளுக்கு 6 போக 18 மிஞ்சும். மூன்று ஆக்சிஜனுக்கும் ஆறாறு என்று கொடுத்தால் கையிருப்பு தீர்ந்துவிடும், நைட்ரஜனிடமோ 6 மட்டுமே இருக்கும். புதிதாக எலக்ட்ரான் சேர்க்கக் கூடாது. ஏதாவது ஓர் ஆக்சிஜனின் தனித்த இரட்டையைப் பிணைப்பாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றியதோடு நிறுத்துங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் போட்டு நைட்ரஜனுக்கு ஐந்து பிணைப்புகள் கொடுப்பது மிகப் பரவலான பிழை; இரண்டாம் தொடரிலுள்ள எந்த அணுவுக்கும் எட்டுக்கு மேல் இடமில்லை.

ஆனால் எட்டு வராததெல்லாம் பிழையல்ல. போரான் டிரைஃபுளூரைடில் போரானுக்கு 6, பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பாஸ்பரஸுக்கு 10, கந்தக ஹெக்சாஃபுளூரைடில் கந்தகத்துக்கு 12. நைட்ரிக் ஆக்சைடின் மொத்தம் 11. ஒற்றைப்படை எண்ணை எந்தப் படமும் இணைசேர்க்காது. மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால் கூட்டலை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, சரி என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

### அயனிச் சேர்மத்தின் வாய்பாடு தவறுகிறது

மின்சுமைகளைக் கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வர வேண்டும். மெக்னீசியம் நைட்ரைடில் மெக்னீசியம் 3, நைட்ரஜன் 2. மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் சுருக்க வேண்டும். சோடியம் பெராக்சைடில் சுருக்கக் கூடாது, ஏனெனில் அங்கே இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தே ஓர் அயனி.

### பிணைப்புக் கோணம் தவறுகிறது

எழுதிய கோணமே காரணத்தைக் காட்டிவிடும். மீத்தேனுக்கு 90 டிகிரி என்று எழுதியவர், தாளில் தட்டையாக வரைந்த கூட்டல் குறியை மூலக்கூறின் வடிவமாக எடுத்துக்கொண்டிருக்கிறார், 109.5 என்பது சரி. நீருக்கு 180 என்று எழுதியவரும் அப்படியே. நீருக்கு 109.5 என்று எழுதியவர் பாதி வழி வந்துவிட்டார்: நான்கு இரட்டைகளை எண்ணினார், அவற்றில் இரண்டு தனித்தவை என்பதையும் அவை அதிகமாக விலக்கும் என்பதையும் விட்டார்; 104.5 வர வேண்டும். அம்மோனியாவுக்கு ஒரு தனித்த இரட்டை, 107.

முனைவுத்தன்மையைத் தவறாகச் சொல்வது பெரும்பாலும் இதன் தொடர்ச்சியே. கார்பன் டெட்ராகுளோரைடில் ஒவ்வொரு பிணைப்பும் முனைவுள்ளது, மூலக்கூறு முனைவற்றது. வடிவத்தை எழுதாமல் இதற்கு விடை சொல்ல முயல்வதை நிறுத்தினாலே போதும்.

## எல்லாம் சரிபார்த்தும் விடை பொருந்தவில்லை என்றால்

விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம். கடையில் வாங்கும் கைடுகளிலும் படியெடுத்துக் கைமாறும் வினாத்தொகுப்புகளிலும் அச்சுப்பிழை புதிதல்ல. உங்கள் விடையில் நிறை அழியாமல் இருக்கிறது, அலகு சரியாக இருக்கிறது, ஈவு மேலே சொன்ன எந்த எண்ணாகவும் இல்லை என்றால், குளோரினுக்கு 35.5-க்குப் பதில் 35, தாமிரத்துக்கு 63.5-க்குப் பதில் 64 என்று எடுத்து ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அச்சிட்ட விடை அப்படியே வந்து உட்காரும்.

வரவில்லை என்றால் ஆசிரியரிடம் போகலாம். போகும்போது அழித்துத் திருத்திய தாளைக் கொண்டுபோகாமல், முதலில் செய்த தவறான பக்கத்தை அப்படியே கொண்டுபோங்கள். கேள்வி, உங்கள் விடை, குறிப்பிலுள்ள விடை, இரண்டுக்கும் உள்ள ஈவு அல்லது வித்தியாசம் ஆகிய நான்கும் மேலே எழுதப்பட்டிருந்தால், எந்த வரியில் விரல் வைக்க வேண்டும் என்பது அவருக்குப் பெரும்பாலும் கணக்கைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.